மூணாற்றுத் தலைப்பும் கீழ்த்திசை நாடுகளும்

எங்கள் நீடாமங்கலத்துக்கு, சந்தான ராமரைச் சேவித்துப் பிள்ளை வரம் கேட்க வருகிற தம்பதிகளை நீக்கிப் பார்த்தால், அந்த ஊரையே உத்தேசித்து வருகிறவர்கள் வெகு சொற்பம். தஞ்சாவூரிலிருந்து திருவாரூருக்கும் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கும் போகிறவர்கள் நடுவழியில் இறங்கி, ஒரு காபி சாப்பிட்டு, வண்டி மாறிப் போகிற ஊர் என்றுதான் அதற்குப் பேர். தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங்கர் தம் ராணி யமுனாம்பாளின் பெயரால் இதற்கு யமுனாம்பாள்புரம் என்று பெயரிட்டதாகச் சொல்வார்கள். அந்த வம்சத்தார் ராமேசுவர யாத்திரை போகிற ஜனங்களுக்காக வழிநெடுகச் சத்திரங்கள் கட்டி, அந்தந்த ஜாதியாருக்கு அந்தந்தப் பந்தி என்ற வித்தியாசம் இருந்தபோதிலும் வந்தவன் எவனையும் பசியோடு அனுப்பாமல் அன்னமிட ஏற்பாடு செய்திருந்தபடியால், பிரயாணிக்கு ஒரு வேளைச் சோறும் ஓர் இரவுப் படுக்கையும் கொடுப்பது தர்மம் என்கிற எண்ணம் எங்கள் பக்கத்தில் ஊறிப் போயிருந்தது.

1861ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் போட்டார்கள். அது எங்கள் ஊர் வழியாகவே போயிற்று. மன்னார்குடிக்குப் பிரிகிற கிளைப் பாதை 1915ல் வந்து, 1976ல் நின்று, 2011ல் மறுபடி உயிர் பெற்றது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறப் போகிற கூட்டம் தகரப் பெட்டியும் ஜமுக்காளச் சுருளுமாக நாகப்பட்டினம் வண்டியில் நெரிந்து போவதையும், கூத்தாநல்லூர் ராவுத்தர்கள் சைகோனிலிருந்தும் மலாயாவிலிருந்தும் திரும்பி வருகையில் அத்தர் வாசனை பிளாட்பாரம் முழுதும் பரவுவதையும் பார்த்துக்கொண்டே வளர்ந்த எனக்கு, வெளிதேசம் என்பது மன்னார்குடியைக் காட்டிலும் அதிக தூரம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இதைத் தவிரவும் நீடாமங்கலத்தானுக்குப் பிரயாணத்துக்கு வேண்டிய ஒரு சிட்சை இலவசமாகக் கிடைத்து விடுகிறது. ரயில்வே கேட்டை மூடிவிட்டால், எஞ்சின் முன்னும் பின்னும் போய் வந்து திசை மாற்றிக் கோத்துக்கொள்ளும் வரையில், பஸ்ஸும் லாரியும் நெல் வண்டியும் கல்யாண கோஷ்டியும் வெயிலில் நின்று கொண்டேயிருக்கும். அங்கே கோபப்படாமல் நிற்கப் பழகியவனுக்கு உலகத்தின் எந்த எல்லைச் சாவடியும் பெரிதாகத் தெரியாது.

ஆனால் நான் எந்தத் தேசத்தில் எதைப் பார்த்தாலும் எந்தக் கண்ணால் பார்த்தேன் என்பதற்குக் காரணம் ரயில் அன்று, ஆறு. கல்லணையில் காவிரியைப் பிரிந்து வருகிற வெண்ணாறு எங்கள் ஊர் எல்லைக்கு வந்ததும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. அந்த இடத்துக்கு மூணாறு தலைப்பு என்று பெயர். மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டித் தலைப்பை எட்டுகிற அன்று, ஊரில் பாதிப் பேர் கரையில் நின்று, நுரையும் சருகுமாக வருகிற முதல் தண்ணீரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்தக் கும்பிட்ட கைகளே ஒரு மாசம் சென்றதும் மண்வெட்டியைத் தூக்கும் என்பதும் உண்மை. எந்த ஆற்றுக்கு எத்தனை அடி தண்ணீர் விடுவது என்பதற்குச் சர்க்கார் கணக்கு உண்டு. ஷட்டரை ஏற்றி இறக்க லஸ்கர் உண்டு. ஆனால் வாய்க்காலில் இறங்கிவிட்ட தண்ணீருக்கு யாதொரு கணக்கும் கிடையாது. நள்ளிரவில் மடையை வெட்டுவதும், வெட்டியவனைத் தேடிப் போவதும், விடிந்தபின் பஞ்சாயத்து வைப்பதும் வருஷந்தோறும் நடக்கிற விஷயங்கள். எங்கள் பெரியப்பாவுக்கு நிலம் பாமணியாற்று வாய்க்கால் ஒன்றின் கடைமடையில் இருந்தது. அவர் கயிற்றுக் கட்டிலைக் கரையிலே போட்டுக்கொண்டு, அரிக்கேன் விளக்கின் திரியை இறக்கி வைத்து, மடைக்குக் காவல் கிடப்பார். துணைக்குப் போகிற என்னிடம், "தலைமடைக்காரன் வயிறு ரொம்பி ஏப்பம் விட்டப்புறந்தான்டா நம்ம நாக்கு நனையும்" என்பார். அந்த வார்த்தையில் துவேஷம் இராது. வெயில் காலத்தில் வெயில் அடிக்கும் என்று சொல்கிற குரலிலேயே அதையும் சொல்லுவார்.

படிப்பு முடிந்து தஞ்சாவூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருந்த காலத்தில், ஏ.கே. செட்டியாருடைய 'உலகம் சுற்றும் தமிழன்' கைக்கு வந்தது. மகாத்மா காந்தியைப் பற்றிப் படம் எடுப்பதற்காகப் பல கண்டங்களை வலம் வந்த அந்த மனிதர், தாம் பட்ட சிரமத்தை ஒரு வரியில் முடித்துக்கொண்டு, எதிரே கண்ட மனிதரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிற அடக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்துத் தேவங்குடியிலே பிறந்த தி. ஜானகிராமன் ஜப்பானுக்குப் போய் வந்து எழுதிய 'உதய சூரிய'னையும் அதே வேகத்தில் படித்தேன். போக வேண்டும் என்கிற ஆசைக்கு இவை போதும். போவதற்கோ பணம் வேண்டும். அந்நியச் செலாவணி பிராணவாயுவைப் போல் அளந்து கொடுக்கப்பட்ட காலம் அது. எனக்கு அனுமதி கிடைத்த டாலர், நல்ல ஹோட்டலில் தங்கினால் ஒரு வாரம் தாங்காது. ஆகையால் நல்ல ஹோட்டல் என்னும் பிரஸ்தாபத்தையே விட்டுவிட்டு, இரண்டு வேஷ்டி, இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை, துண்டு, போர்வை, ஒரு டம்ளர், அத்தை பொடித்துக் கொடுத்த பருப்புப் பொடி ஆகியவற்றைக் கான்வாஸ் தோள்பை ஒன்றில் திணித்துக்கொண்டு 1979ஆம் வருஷம் பங்குனிக் கடைசியில் நாகப்பட்டினத்துக்கு வண்டியேறினேன்.

அந்த நாளில் போய்வந்துகொண்டிருந்த கப்பல் 'சிதம்பரம்'. நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிய 'ரஜூலா' ஓய்வு பெறுகிற சமயத்தில், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வாங்கிப் பெயர் மாற்றிக் கொண்டுவந்து விட்டது அது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணையாது. ஆழம் போதாமையால் வெகு தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஜனங்களைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய், அலை தூக்குகிற கணம் பார்த்துக் கப்பலின் படியில் ஏற்றுவார்கள். தலையில் பெட்டியும் இடுப்பில் குழந்தையுமாக அந்தக் கணத்தைக் கணித்துக் கால் வைத்த பெண்மணிகளைப் பார்த்தபோது, கடாரத்துக்குக் கப்பலேறிய சோழப் படையைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்த வர்ணனையெல்லாம் சாதாரணமாகத் தோன்றிற்று. கீழ்த்தளத்தில் அடுக்கடுக்கான படுக்கைகள், எண்ணெய் நெடி, எங்கோ ஒரு டிரான்சிஸ்டர், வாந்தி, அதையெல்லாம் மீறி, மூன்றாம் நாளே உறவு கொண்டாடி விடுகிற தஞ்சை ஜில்லா சம்பாஷணை. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்து உயிர்ச்சேதமும் உண்டாகி, அதோடு அந்தப் பிரயாணிப் போக்குவரத்தே அற்றுப் போயிற்று. கடல் வழியாகப் பிற தேசம் போனவர்களில் எங்கள் தலைமுறையே கடைசி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

பினாங்கில் எனக்கு முதல் அடைக்கலம் கூத்தாநல்லூர்க்காரர் ஒருவருடைய கடை மாடி. சூலியா தெருவுக்குச் சமீபம். "நீடாமங்கலமா? கேட்டைத் திறந்துட்டானா, இல்லியா?" என்பதுதான் பாய் என்னைக் கேட்ட முதல் கேள்வி. படுக்க இடம் கொடுத்து, காலையில் ரொட்டியும் தேநீரும் கொடுத்து, வாடகை என்ற பேச்சை எடுத்தபோது, "ஊர்ல எங்க வாப்பா ரயில் தப்பிப் போயி உங்க ஊரு சத்திரத்துத் திண்ணையில படுத்திருக்காக தம்பி" என்று வாயடைத்து விட்டார். பிரதாப சிங்கர் கடல் தாண்டியும் சோறு போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பினாங்குத் தீவின் அழகைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது எதிர்க்கரையைப் பற்றி. கெடா மாநிலத்தைப் பற்றி. நம்மவர்கள் கடாரம் என்று மார் தட்டிச் சொல்கிற தேசம் அதுவே. 1025ஆம் ஆண்டை ஒட்டி ராஜேந்திர சோழரின் கப்பற்படை போய் ஜெயித்த இடங்களின் வரிசையில் அதுவும் ஒன்று. ஜெராய் மலையடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில், ஓடைக் கரையோரமாகப் புக்கிட் பத்து பகாட் என்கிற ஒரு பழைய கோயில் இருக்கிறது. சிதைந்து கிடந்த கல்லையெல்லாம் சேர்த்து 1960ல் திரும்ப அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் பெரிய கோயிலை மனசில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். இடுப்புயரக் கல் மேடை, அதன்மேல் மரத்தூண்கள் நின்றதற்கு அடையாளமான கல் பாதங்கள், அவ்வளவுதான். மேற்கூரை மரத்தாலோ கீற்றாலோ இருந்து மண்ணோடு மண்ணாகி விட்டது. ஆயினும் ஓடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கிருந்து இறங்கி அலோர் ஸ்டார் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் ரப்பர் தோட்டம். பிறகு மலை பின்வாங்கிற்று. அதன்பின் கண்ணுக்கெட்டிய மட்டும் நெல் வயல். வரப்பு, வாய்க்கால், தென்னை, வரப்பின் மேலே சைக்கிள், நீருக்குள் நிற்கிற நாரை. சித்திரை மாசம் அது. ஊரிலே அந்தச் சமயம் உளுந்தும் பயறும் எடுத்தான பிறகு, கை நுழைகிற அளவுக்கு வயல் வெடித்துக் கிடக்கும். ஆற்றில் மணலைத் தவிர ஒன்றும் இராது. இங்கேயோ வயலில் நீர் நிறைந்து வானம் தெரிந்தது. விசாரித்ததில், மூடா, பெடு என்று இரண்டு அணைகளைக் கட்டி, மலையைக் குடைந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீரைக் கொண்டுபோய், 1970 முதலாக அந்தச் சமவெளிக்கு இரண்டாம் போகம் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதற்கும் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், வான் மாட் சாமான் என்கிற கெடாவின் பிரதம மந்திரி அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடி வரையில் ஒரே நேர்கோட்டில் கால்வாய் வெட்டுவித்திருக்கிறார். இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு, அந்த ஒளியை நூல் பிடித்து வெட்டினார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். மலாய்ப் பெண்கள் வரிசையாக நின்று நடவு செய்கிறார்கள். கையில் கவை பிரிந்த ஒரு சிறு கருவி வைத்துக்கொண்டு நாற்றைச் சேற்றில் அழுத்துகிறார்கள். நடவுப் பாட்டு மட்டும் காதில் விழவில்லை.

கடாரம் கொண்டான் என்னும் பட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் உரத்துச் சொல்லிப் பழகியிருந்த எனக்கு, அந்தப் பட்டத்தில் நெல் இருந்தது என்பதை ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நெல் விளைகிற ஒரு சமவெளியின் ராஜா நெல் விளைகிற இன்னொரு சமவெளியின்மேல் படையெடுத்துப் போனார். படையில் போனவர்களில் பாதிப் பேராவது உழவுக் குடியாகத்தான் இருந்திருப்பார்கள். கப்பலை விட்டு இறங்கியதும் அவர்கள் கண் முதலில் கோட்டையைத் தேடியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் சரித்திர நாவல்களில் இந்த விஷயம் வருவதில்லை என்பது என் வெகுநாளைய குறை.

சுங்கை பட்டாணிக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் கோயில் வாசலில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். பால் மரம் வெட்டி வெட்டித் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "எந்த ஊரு தம்பி?" என்றார். "நீடாமங்கலங்க." "அட! எங்க ஆத்தா ஊரு வலங்கிமான்." வலங்கைமானை அவர் பார்த்ததில்லை, தோட்டத்து லயத்திலே பிறந்தவர். எனினும் அடுத்த கேள்வி, "ஆத்துல தண்ணி வந்துருச்சா?" என்பதாகவே இருந்தது. ஜூன் மாசந்தான் வரும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, அந்தப் பதில் தம் சொந்த வயலைப் பற்றியது போலச் சற்று நேரம் யோசனையில் இருந்தார்.

பட்டர்வொர்த்திலிருந்து பாங்காக்குக்கு அந்த நாளில் நேரே ரயில் இருந்தது. மூன்றாம் வகுப்பு மரப் பலகையில், கோழிக் கூடைகளுக்கும் சிப்பாய்களுக்கும் நடுவே, சுத்தமான வாழையிலைப் பொட்டலத்தில் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு போனது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. பாங்காக்கில் ஸ்டேஷனுக்கு அருகே சீனர் ஒருவருடைய மலிவு விடுதி. அங்கேதான் முதுகில் மூட்டை கட்டித் திரிகிற வெள்ளைக்கார வாலிபர்களை முதன்முதலில் நெருங்கிப் பார்த்தேன். இஸ்தான்புல்லிலிருந்து தெஹ்ரான், காபூல் வழியாகக் காட்மாண்டு வரையில் பஸ்ஸிலேயே வந்துவிடுகிற பாதை, ஈரானில் அந்த வருஷம் நடந்த புரட்சியால் அடைபட்டுக்கொண்டிருந்தது. பலர் கையில், மெல்போர்னில் குடியேறிய டோனி வீலர், மௌரீன் வீலர் தம்பதிகள் 1975ல் வெளியிட்ட மஞ்சள் அட்டை வழிகாட்டி இருந்தது. அதில் போட்டிருக்கிற விடுதியில் தங்கி, அதில் போட்டிருக்கிற கடையில் சாப்பிட்டு, அதில் போடாத தெருவுக்குப் போகாமலே சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டு பாட் காசுக்காகப் பழக்காரியோடு அரை மணி வாதாடுவதை அவர்கள் ஒரு சாமர்த்தியமாகக் கருதியது எனக்கு ரசிக்கவில்லை. ஆனால் தம் துணியைத் தாமே துவைத்துக்கொண்டு, பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி தனியாக நாடு நாடாகப் போகிற தைரியத்தை நான் மனசார மெச்சினேன். நம் வீட்டுப் பெண்ணை மன்னார்குடிக்குத் தனியாக அனுப்ப நாம் அந்த நாளில் எத்தனை பேரைக் கலந்து ஆலோசித்தோம்!

மே மாதத்தில் அரண்மனைக்கு எதிரே உள்ள சனாம் லுவாங் மைதானத்தில் அரசாங்க ஏர்பூட்டு விழா நடக்கும். நடுவில் நின்று போயிருந்த அந்த விழாவை மன்னர் பூமிபால் 1960ல் மறுபடி ஆரம்பித்து வைத்தார். எங்கள் பக்கத்தில் சித்திரை மாசம் நல்ல நாள் பார்த்து நல்லேர் பூட்டுவோம். மாட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வயலில் ஒரு சுற்று உழுது, விதைக்கு அடையாளமாக ஒரு கை நெல் தெளித்துத் திரும்புவோம். அந்த வருஷம் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்காத குறை எனக்குச் சயாமிலே நீங்கிற்று. வெள்ளை உடுத்த பிராமணர்கள் சங்கு ஊதிக்கொண்டு முன்னே போகிறார்கள். அவர்களுடைய முன்னோர் நம் தென்னாட்டிலிருந்து போனவர்கள் என்றும், மார்கழி தை மாதங்களில் அவர்கள் கோயிலில் ஓதப்படும் மந்திரத்தில் திருவெம்பாவையின் அடிகள் இன்றும் ஒலிக்கின்றன என்றும் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏர் பிடிக்கிற அதிகாரிக்கு முன்னால் நீளம் வேறுபட்ட மூன்று துணிகளை மூடி வைக்கிறார்கள். குட்டையானது கைக்கு வந்தால் மழை மிகுதி, நெட்டையானது வந்தால் குறைவு. உழுது முடிந்ததும் மாட்டுக்கு முன்னே நெல், சோளம், பயறு, எள், புல், தண்ணீர், சாராயம் என்று ஏழு வகை வைத்து, அது எதில் வாய் வைக்கிறது என்பதைக் கொண்டு வருஷ பலன் சொல்கிறார்கள். மாடு சாராயத்தைக் குடித்தால் வியாபாரம் செழிக்குமாம். இதெல்லாம் முடிந்து கயிற்றை அவிழ்த்த அந்த நிமிஷத்தில், சுற்றி நின்ற ஆயிரக்கணக்கான ஜனங்கள், அவர்களில் எத்தனையோ தூரத்திலிருந்து வந்த கிழவர் கிழவிகள், தெளித்த விதையைப் பொறுக்க மண்ணில் விழுந்து புரண்டு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அதற்கு நிகரான ஒரு காட்சியை நான் பிறகு பார்க்கவில்லை. எனக்கு ஒரு நெல்கூடக் கிடைக்கவில்லை.

சிங்கப்பூருக்குத் திரும்பி, தஞ்சோங் பினாங் போய், அங்கே கப்பல் மாறி ஜகார்த்தாவுக்குப் போய், ஜாவாவைக் குறுக்கே ரயிலில் கடந்தேன். பிரம்பனானைப் பற்றியும் போரோபுதூரைப் பற்றியும் எழுதாதவர்கள் இல்லை. நான் போனபோது போரோபுதூரைக் கீழ்த்தளங்களில் பிரித்துப் போட்டிருந்தார்கள். 1975ல் தொடங்கிய அந்தத் திருப்பணியில், கல்யாண வீட்டுப் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டி வைப்பது போல ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுப் புல்தரையில் பரப்பியிருந்தார்கள். புத்தரின் கதை அப்படி வரிசை கலைந்து புல்லில் படுத்திருந்ததைப் பார்த்த பாக்கியம் பின்னால் போனவர்களுக்கு இல்லை.

பாலித் தீவில் எல்லோரும் கூட்டா கடற்கரைக்குப் போனார்கள். நான் தபனான் பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டோடு சேர்ந்த சிறு விடுதியில் தங்கினேன். அங்கே சமவெளி கிடையாது. மலைச் சரிவையே படிப்படியாக வெட்டி, படிக்கொரு வயலாக நெல் போட்டிருக்கிறார்கள். ஜாதிலூவி என்னும் இடத்தில் மேலே நின்று பார்த்தால், வானத்திலிருந்து பச்சை நிறப் படித்துறை இறங்கி வருவதாகத் தோன்றும். அழகை ரசித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறவர்களே அதிகம். கடைமடைக்காரர் வீட்டில் வளர்ந்தவனுக்கு அப்படிப் போக மனம் வராது. மேலே இருக்கிறவன் கீழே இருப்பவனுக்கு எப்படித் தண்ணீர் விடுகிறான் என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் பிடிக்காது.

ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்தது ஒரு சுபாக். ஊரும் வேறு, சுபாக்கும் வேறு. ஒரு சுபாக்கில் நான்கு ஊர்க்காரர்கள் இருக்கலாம். பெக்காசே என்று ஒரு தலைவர். வயல் ஒரு மாவோ ஒரு வேலியோ, கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வாக்குத்தான். வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு மரக்கட்டையைக் குறுக்கே போட்டு, அதில் அவரவர் பாத்தியதைக்குத் தக்க அகலத்தில் வெட்டு விட்டிருக்கிறார்கள். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் பங்கின் விகிதம் மாறாது; ஷட்டர் கிடையாது, லஸ்கர் கிடையாது. மதகுக்கு மதகு ஒரு சிறு கோயில்; பல சுபாக்குகளுக்குப் பொதுவாக ஒரு பெரிய கோயில்; எல்லாவற்றுக்கும் மேலே, எரிமலை வாயில் நிறைந்த பாத்தூர் ஏரியின் தேவியான தேவி தானுவுக்கு ஒரு மகா கோயில். எந்தச் சுபாக் எந்த வாரம் நடவு தொடங்குவது, எது தரிசு விடுவது என்பதையெல்லாம் அந்தக் கோயில்களில் கூடித் தீர்மானிக்கிறார்கள்.

விடுதிக்காரரின் தம்பி பள்ளி ஆசிரியர். கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அவர் தயவில் ஒரு சுபாக் கூட்டத்தில் ஓரமாக உட்காரும் சந்தர்ப்பம் வாய்த்தது. தாமதமாக வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அபராதம் கட்டினார்கள். பேச்சு முழுதும் எலியையும் புகையானையும் பற்றியதாகவே இருந்தது. அந்த வருஷங்களில், குட்டை ரக நெல்லைப் போகத்துக்குப் போகம் நிறுத்தாமல் போடுங்கள், முறையையும் கோயிலையும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள் என்று சர்க்கார் சொல்லியிருந்தது. எங்கள் ஜில்லாவிலும் 'ஆடுதுறை 27' வந்த காலத்தில் இதே உபதேசந்தான். ஆளுக்கொரு நாளில் நடவு தொடங்கியதால் தீவில் எப்போதும் எங்கேயாவது ஒரு பச்சை வயல் இருந்துகொண்டே இருந்தது. பூச்சி ஒரு வயலை முடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய் நிம்மதியாக வாழ்ந்தது.

கூட்டம் கலைந்தபின் நான் அந்த ஆசிரியர் மூலம் தலைமடையில் நிலமுள்ள ஒருவரைக் கேட்டேன்: "தண்ணீர் முதலில் உங்களிடம் வருகிறது. முழுவதையும் நீங்கள் எடுத்துக்கொண்டால் உங்களை யார் தடுப்பது?"

அவர் என் கேள்வியை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கீழே உள்ளவருக்குத் தண்ணீர் விடாவிட்டால் அவர் என்னோடு சேர்ந்து நட மாட்டார். நான் அறுத்துத் தரிசு போட்டிருக்கும்போது அவர் வயலில் பயிர் நிற்கும். அங்கே வளர்ந்த எலியும் பூச்சியும் அடுத்த போகத்தில் மேலே ஏறி என்னிடம் வரும். அவருக்கு என் தண்ணீர் வேண்டும். எனக்கு அவர் நாள் வேண்டும்."

எத்தனையோ உபதேசங்களைக் கேட்டிருக்கிறேன். தலைமடைக்காரன் கடைமடைக்காரனிடம் எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறான் என்பதைக் காதால் கேட்டது அன்றுதான். பெரியப்பா உயிரோடு இருந்தால் நம்பியிருக்க மாட்டார். பின்னாளில் ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இந்தக் கோயில் முறையை வருஷக் கணக்கில் ஆராய்ந்து, 1991ல் ஒரு நூலாகவே வெளியிட்டு, வெறும் சடங்கு என்று ஒதுக்கப்பட்டதற்குள்ளே எவ்வளவு நுட்பமான நீர்க்கணக்கும் பூச்சிக்கணக்கும் இருந்தன என்று காட்டினார். 2012ல் யுனெஸ்கோ சுபாக் முறையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதற்காக அங்கே எல்லாம் ராமராஜ்யம் என்று நான் சொல்லவில்லை. சின்னமாக ஏற்கப்பட்ட பிறகும் வயலை விற்று ஹோட்டல் கட்டுவது நிற்கவில்லை. ஹோட்டலின் நீச்சல் குளத்துக்குப் போகிற தண்ணீருக்கு எந்தக் கட்டையிலும் வெட்டு கிடையாது.

வெகு காலம் கழித்து, தோள்பை தோளுக்குப் பாரமாகிவிட்ட வயசில், கம்போடியாவுக்கும் போனேன். யுத்தத்தால் என் வாலிபத்தில் மூடியிருந்த கதவு அது. அங்கோர் வாட்டின் நடையில் ஒரு நாள் சுற்றினேன். மறுநாள் மேற்கு பாராய் என்கிற ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். பதினோராம் நூற்றாண்டில் வெட்டியது. நீளம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர், அகலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த நகரத்தின் பலமே நீர்த்தேக்கங்கள்தாம் என்று பிரெஞ்சு அறிஞர் குரோலியே வாதித்தார். பாசனத்துக்கு இல்லை, தெய்வத்துக்கே என்று மறுத்தவர்களும் உண்டு. கல்லணைக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வழக்கில் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. காம்போஜ அரசன் நட்பை வேண்டி ராஜேந்திரருக்குத் தேர் அனுப்பிய செய்தி தஞ்சைக் கரந்தைச் செப்பேடுகளில் இருக்கிறது. பக்கத்திலேயே தோன்லே சாப் ஏரி. மழைக்காலத்தில் மீகாங் நதி பெருகுகையில் ஏரியிலிருந்து ஓடுகிற ஆறே திசை மாறி ஏரிக்குள் பாய்கிறது. ஆறு எதிர்த்து ஓடும் என்பதை எங்கள் ஊர்த் திண்ணையில் சொல்லியிருந்தால் என்னைப் படுக்க வைத்து வைத்தியரை அழைத்திருப்பார்கள்.

இவ்வளவும் சுற்றி வந்தபின் என் அபிப்பிராயம் இது. காவிரித் தண்ணீருக்காகக் கன்னடத்தாரிடம் நாம் கேட்கிற நியாயம் நியாயந்தான். கடைமடைக்கு முதல் பாத்தியதை உண்டு என்று கோர்ட்டிலும் கமிஷனிலும் நாம் வாதாடியது அத்தனையும் சரியே. அந்த வாதத்தை மூணாற்றுத் தலைப்புக்குக் கீழே, நம் வாய்க்காலில், நமக்குள்ளே சொல்லிக்கொள்ள நமக்கு வாய் வருவதில்லை. குடிமராமத்து என்று ஊரே கூடி வாய்க்கால் வெட்டிய வழக்கம் நமக்கும் இருந்தது. முறை வைத்துத் தண்ணீர் விட்ட காலமும் இருந்தது. தலைமடையில் குறுவை அறுவடையாகும்போது கடைமடையில் நாற்றங்காலுக்கே தண்ணீர் எட்டாத வருஷங்களை நான் கண்டிருக்கிறேன்.

இப்போது நம் ஜில்லாவில் கல்யாணமான பிள்ளைகள் தம்பதிகளாகப் பாலிக்குப் பறந்து போய், கூட்டாவில் நாலு நாள் இருந்து, ஊஞ்சலில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சந்தோஷம். அவர்கள் ஒரே ஒரு முற்பகலைத் தபனானுக்கு ஒதுக்கி, அந்த மரக்கட்டையின் வெட்டுகளையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்து, நீர் பங்கிடுகிறவர்களிடம் காட்டட்டும். ஊருக்கு ஊர் வரி போட்டாவது தலைமடை மிராசுதார் இரண்டு பேரை அங்கே அனுப்பி வைக்கலாம் என்றும் சொல்வேன்; அவர்கள் டிக்கெட்டுக்கு முதல் சந்தாவை நான் கொடுக்கிறேன்.